வீட்டுக்கொரு கல்

எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கல் உண்டு. கும்பிடுகிற கல் இல்லை, ரேஷன் கடை வரிசையில் வைக்கிற கல். கடைக்குச் சரக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால், பொழுது விடிவதற்குள் வீட்டுக்கு ஒருவர் போய்க் கடை வாசலில் தங்கள் கல்லை வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். கடை திறக்கும்வரை கற்கள் வெயிலில் நிற்கும், மனிதர்கள் வீட்டில் டீ குடிப்பார்கள். கல் என்று சொல்கிறேனே தவிர எல்லாமே கல் அல்ல. எங்கள் வீட்டுக் கல் பாதி உடைந்த ஹாலோ பிளாக். அடையாளத்துக்காக அப்பா அதில் நீலப் பெயின்ட்டால் ஒரு சிலுவை போட்டிருந்தார். எதிர்வீட்டுக் கல் ஒரு ஒற்றைச் செருப்பு. மூலை வீட்டுப் பெரியப்பா வைக்கிற கல் ஒரு நசுங்கிய அலுமினியக் குண்டான். எது யாருடையது என்பது ஊரில் நடக்கத் தெரிந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒருவர் கல்லை இன்னொருவர் ஒரு சாண் நகர்த்திவிட்டால் போதும், இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

இந்தக் கற்கள் ஒரே ஒருமுறை ரேஷன் கடையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தன. கொரோனாவின் இரண்டாவது அலை அடித்த கோடை அது. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அப்பாவின் போனில் டீச்சர் முகம் உறைந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குப் போகிறேன். காலையில் பஸ் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் நான் சற்று நிமிர்ந்துதான் உட்காருவேன். பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு அது ஏன் என்று தெரியாது. என் அத்தைதான் காரணம்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய வீடு அவளுடையது. ஊரின் பால்வாடிக்கு அவள்தான் டீச்சர். அரசாங்கம் வெளியில் என்ன பெயர் வைத்திருந்தாலும் எங்களுக்கு அது பால்வாடிதான். பிள்ளைகளுக்கு முட்டை அவித்துக் கொடுப்பது, எடை போடுவது, கர்ப்பமான பெண்களுக்குச் சத்துமாவு கொடுப்பது, அழுகிற பிள்ளையை ஒரு கண் பார்வையில் அடக்குவது எல்லாம் அவள் வேலை. ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் அவளிடம்தான் சாப்பாட்டுக்குக் கை கழுவக் கற்றுக்கொண்டோம். ஆகவே அரசாங்கம் எப்படியிருக்கும் என்று யாராவது என்னை அப்போது கேட்டிருந்தால், நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு, கையில் முட்டைத் தட்டோடு வரும் என்று சொல்லியிருப்பேன்.

பெரியவர்களுக்கு அரசாங்கத்தைப் பற்றி வேறு ஞாபகங்கள் இருந்தன. எங்கள் ஊர் வடக்குப்பட்டுப் பக்கம், மூன்று புறமும் கம்பெனிச் சுவர்கள் சூழ்ந்து நடுவில் மிச்சமான ஊர். நான் பிறப்பதற்கு முன்னால் ஜீப்பில் வந்தவர்கள் நிலத்தைக் கேட்டார்களாம். வீட்டுக்கு ஒரு வேலை என்றார்களாம். நிலம் போனது. வேலை வந்தது, ஆனால் வேறு வீடுகளுக்கு, வேறு ஊர்களுக்கு. அப்பா கான்ட்ராக்டில் உள்ளே நுழைய ரொம்ப நாள் அலைந்தார். அதனால் அரசாங்கம் கூப்பிட்டுக் கொடுக்கிறது என்றாலே எங்கள் ஊர் ஒரு அடி பின்னால் எடுத்து வைக்கும். அதுவரை அது கூப்பிட்டு எடுத்துக்கொண்டதுதான் அதிகம்.

கொரோனா வந்ததும் பால்வாடியை மூடிவிட்டு, அத்தையின் கையில் ஒரு காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியைக் கொடுத்தார்கள். தினமும் வீடு வீடாகப் போய் நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்க வேண்டும். இருமுகிறவர்களை விசாரிக்க வேண்டும். முதல் அலையில் ஊர் அவளுக்கு நாற்காலி போட்டது, மோர் கொடுத்தது. சில வீடுகளில் இரண்டாவது முறையும் நெற்றியைக் காட்டினார்கள், பொழுது போகாமல். முன்களப் பணியாளர்களுக்கு ஊசி போட்டபோது அவளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஊசி இறங்கும்போது அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை, நர்ஸிடம் பால்வாடி முட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது அலையில் மூலை வீட்டுப் பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது. சொந்தப் பெரியப்பா இல்லை, பங்காளி வீடு. அப்பாவுக்கும் அத்தைக்கும் அண்ணன் முறை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஆள் திரும்பி வருவதில்லை என்ற பேச்சு ஊரில் பலமாக இருந்த நேரம். பெரியம்மா கதவைச் சாத்திக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அத்தைதான் வாசலில் நின்று மன்றாடினாள். கடைசியில் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா அழுதபோது அத்தை அவள் கையைப் பிடித்து, "ஒண்ணும் ஆவாது அண்ணி. நல்லபடியா திரும்பி வருவாரு. நான் பொறுப்பு" என்றாள். தெருவே கேட்டது.

பெரியப்பா திரும்பி வரவில்லை. வெள்ளை உடுப்புக்காரர்கள் அவரை நேராகக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். பெரியம்மாவுக்குத் தூரத்திலிருந்து ஒரு பொட்டலத்தைத்தான் காட்டினார்கள். தாமதமாகப் போனதுதான் காரணம் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதை யார் காதில் வாங்குவார்கள்? ஊர் காதில் விழுந்தது 'நான் பொறுப்பு' மட்டும்தான்.

அதற்குப் பிறகு அத்தை தெருவில் நடந்தால் கதவுகள் சாத்தப்பட்டன. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். நாய்க்கும் அவள்தான் சோறு போடுகிறவள் என்பதால் அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. பெரியம்மா கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அவள் செய்தது ஒன்றுதான். அதுவரை 'ஏன்டி', 'இன்னாடி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நாத்தனாரை 'டீச்சர்' என்றும் 'நீங்க' என்றும் கூப்பிட ஆரம்பித்தாள். மரியாதை கொடுத்தே ஒருவரைக் கொல்ல முடியும் என்று நான் பார்த்தது அப்போதுதான். அத்தை நாய்க்கும் கதவுக்கும் கலங்கவில்லை. அந்த 'நீங்க'வைக் கேட்டுவிட்டு வந்த நாட்களில் மட்டும் சாப்பிடாமல் படுத்துவிடுவாள்.

இந்த லட்சணத்தில்தான் ஊருக்குத் தடுப்பூசி வந்தது. போட்டால் பிள்ளை பிறக்காது என்றார்கள். இரண்டு வருஷத்தில் ஆள் காலி என்றார்கள். எல்லாவற்றுக்கும் வாட்ஸப்பில் ஆதாரம் இருந்தது. ஊசி போட்டால் ஒரு மாதம் குடிக்கக் கூடாது என்று ஒரு செய்தி வந்தது. பிள்ளை பிறக்காது என்பதைவிட அதுதான் எங்கள் ஊர் ஆண்களை அதிகம் பயமுறுத்தியது. என் அப்பா குடிக்கிறவர் இல்லை. இருந்தாலும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றார். தங்கச்சி மேல் கோபமா என்று அம்மா கேட்டாள். "அவ மேல இன்னா கோவம்? அவள அனுப்பறவங்க மேலதான் நம்பிக்க இல்ல" என்றார் அப்பா. அடுத்த அறையில் அத்தை இருந்தாள். அவள் அதைக் கேட்காத மாதிரி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் முகாம் போட்டபோது நர்ஸம்மா பெட்டியோடு வந்து மதியம்வரை உட்கார்ந்திருந்தார். ஒரு குப்பியைத் திறந்தால் பத்துப் பேருக்குப் போட்டாக வேண்டும்; இல்லையென்றால் மிச்சம் குப்பைக்குத்தான் போகும். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் வந்தார்கள். குப்பியைத் திறக்காமலே நர்ஸம்மா மூட்டை கட்டினார். போகும்போது அத்தையிடம், அடுத்த முறையும் இப்படியே இருந்தால் எங்கள் ஊர்ப் பங்கை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள், பிறகு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, எங்கே பார்த்தாலும் தட்டுப்பாடு என்றார். அந்த வாரம் ஊரில் இன்னும் இரண்டு வீடுகளில் இருமல் கேட்க ஆரம்பித்திருந்தது. அத்தை மறுபடியும் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள்.

இங்கேதான் என் மாமா கதைக்குள் வருகிறார். மாமா அத்தையின் கணவர், கம்பெனி பஸ் டிரைவர். ஷிஃப்ட் நின்றுபோனதால் அவருடைய வண்டி தண்ணி டேங்க்குக்குக் கீழே நின்றது, அவர் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் ஒரு குறுக்குச் சந்து உண்டு என்று நம்புகிறவர். அடுத்த முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, ரொம்பப் பெரிய தத்துவம் சொல்வதுபோல, "கூப்ட்டுக் குடுத்தா எவன் வாங்குவான்? இல்லன்னு சொல்லு, அடிச்சிக்கினு வருவானுங்க" என்றார். இல்லை என்று சொல்லாமலே அதை எப்படிச் சொல்வது என்பதற்கு அவரிடம் வழி இருந்தது. பள்ளிக்கூட வாசலில் ஒரு கல் வரிசை வைக்க வேண்டும். காலையில் ஊர் அதைப் பார்க்கும். வரிசையைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களின் கால் தானாக அதன் பின்னால் போய் நிற்கும்.

யாருடைய கல்லை வைப்பது என்பதில்தான் சிக்கல். ஊரில் இருக்கிற எந்தக் கல்லை வைத்தாலும் சொந்தக்காரர் வந்து, நான் வைக்கவில்லையே என்பார். அதற்கும் மாமாவிடம் சரக்கு இருந்தது. ஊரடங்கு போட்டதும் கம்பெனியில் வேலை செய்த வடநாட்டுப் பையன்கள் அவசர அவசரமாக ஊருக்குக் கிளம்பியபோது அவர் பஸ்ஸில் ஹெல்மெட்டுகளையும் சேஃப்டி ஷூக்களையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். திரும்பி வந்தால் கேட்பார்கள் என்று அத்தை அவற்றைத் துடைத்து, பின்கட்டில் அடுக்கி வைத்திருந்தாள். விடியற்காலையில் அத்தை மாவு கரைத்துக்கொண்டிருந்த நேரம் நாங்கள் இரண்டு பேரும் அவற்றைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போனோம். ஒரு மஞ்சள் ஹெல்மெட், ஒரு ஷூ, ஒரு வெள்ளை ஹெல்மெட், மறுபடி ஒரு ஷூ என்று பள்ளிக்கூட வாசற்படியிலிருந்து மாதா கோயில் சுவர்வரை வைத்தோம். ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று மாமா ஒரு ஷூவை மட்டும் கோணலாகத் திருப்பி வைத்தார். அந்த நுணுக்கத்தைக் கண்டு நான் அசந்துபோனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலைகள் குறைவு.

மாமா கணக்குப் போட்டது ஒன்று, நடந்தது அதற்கும் மேலே. குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் அந்த வரிசையைப் பார்த்தார்கள். அது ஊர்க் கற்கள் இல்லை என்பது அவர்களுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. ஹெல்மெட் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். "கம்பெனிக்காரன் வந்து எடம் புடிச்சிட்டான்டீ!" என்ற சத்தம் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போவதற்குள் லாரி லாரியாக ஆள் வருவதாக மாறியிருந்தது. நிலத்தை எடுத்தான், ஏரித் தண்ணியை எடுத்தான், இப்போது நமக்கு வந்த ஊசியையும் எடுத்துக்கொண்டு போகப்போகிறான்! நேற்றுவரை விஷம் என்று சொன்ன பொருள் ஒரு மணி நேரத்தில் பிதுரார்ஜித சொத்தாகிவிட்டது.

நர்ஸம்மா பெட்டியோடு வந்து இறங்கியபோது பள்ளிக்கூட வாசலில் ஊரே நின்றது. மாஸ்க் போட்டவர்கள், துண்டைக் கட்டியவர்கள், முந்தானையை மூக்கில் பிடித்தவர்கள். கம்பெனியிலிருந்து யாராவது வந்தால் அடித்துத் துரத்துவதற்கு இரண்டு பேர் கையில் கட்டை வைத்திருந்தார்கள். ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன அப்பாகூட வந்து மாதா கோயில் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அத்தை காய்ச்சல் துப்பாக்கியோடு தெரு முனையில் திரும்பினாள். கூட்டத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பல வாரங்களாக நான் பார்க்காத ஒரு முகம் மாஸ்க்குக்கு மேலே தெரிந்தது. கண்கள் மட்டும்தான் தெரிந்தன, அதுவே போதுமாக இருந்தது. வேகமாக வந்தாள். வந்தவளின் பார்வை கீழே போனது. ஒரு மஞ்சள் ஹெல்மெட்டைக் குனிந்து எடுத்தாள். தான் துடைத்து அடுக்கிய ஹெல்மெட் அவளுக்குத் தெரியாதா? மாமா கூட்டத்துக்குள் நீந்திப் போய் அவள் காதருகில், "சும்மா இரு. எல்லாருக்கும் போட்டு முடிக்கட்டும், அப்பறம் வூட்ல வந்து திட்டு" என்றார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவளுடைய பெயரும் காப்பாற்றப்படும், ஊசியும் ஊரிலேயே இருக்கும்.

அத்தை அந்த ஹெல்மெட்டை மாமாவின் கையில் கொடுத்தாள். பிறகு அடுத்ததை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பின்னால் ஷூ. வரிசை முழுவதையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்து அவரிடம் கொடுத்து முடிக்கும்வரை ஊர் என்ன நடக்கிறது என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது. மாமாவின் இரண்டு கையும் நிறைந்துபோனதால் கடைசி ஹெல்மெட்டை அவர் தலையில் கவிழ்த்தாள். யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. படியில் ஏறி நின்றாள்.

"கம்பெனிலேர்ந்து யாரும் எடம் புடிக்க வரல. இதெல்லாம் எங்க வூட்டுக்காரரு வெச்சது. நீங்க வரணும்னு வெச்சிட்டாரு. இந்த ஊசி நமக்குன்னு வந்தது. நாம வாணாம்னா அடுத்த ஊருக்குப் போவும், அங்கயும் மனுஷங்கதான் கீறாங்க. எவனோ எடுத்துக்குவான்னு பயந்துகினு ஒருத்தரும் போட்டுக்க வாணாம்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு, அதன் பின்னால் முணுமுணுப்பு. "பாத்தியா, கவர்மெண்ட்டுப் புத்தியக் காட்டிட்டாங்க" என்று கட்டை வைத்திருந்த ஒருவர் அதைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் பின்னால் இன்னும் சிலர். மாமா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு அழகான ஒரு வேலையை ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட்டாளே, இவளுக்குக் கொஞ்சமாவது சாமர்த்தியம் இருக்கிறதா என்று அத்தை மேல் அப்படி ஒரு கோபம்.

அப்போதுதான் பெரியம்மா முன்னால் வந்தாள். ஊர் தானாக விலகி வழிவிட்டது. பெரியப்பா போன பிறகு அவளாக அத்தையைத் தேடி வந்து நேரே நின்றது அன்றுதான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன். இந்த ஊசியப் போட்டுக்கினா ஒண்ணும் ஆவாதுன்னு நீங்க சொல்றீங்களா?"

கிளம்பியவர்கள்கூட நின்றுவிட்டார்கள். நர்ஸம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். இது தன்னிடம் கேட்கிற கேள்வி இல்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், மூடிக்கொண்டார். ஒண்ணும் ஆகாது என்று இரண்டு சொல் சொன்னால் முடிந்தது. நான் மனதுக்குள் சொல்லு, சொல்லு என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"சொல்ல மாட்டேன் அண்ணி" என்றாள் அத்தை. "அன்னிக்கு எனக்குத் தெரியாத ஒண்ணச் சொல்லிட்டேன். அண்ணன் திரும்பி வருவாருன்னு எனக்கு எப்டித் தெரியும்? நீங்க அழுவறது தாங்காம சொல்லிட்டேன். இனிமே அப்டிச் சொல்ல மாட்டேன். நான் ரெண்டு ஊசியும் போட்டுக்கினேன். ஜுரம் வந்துச்சு, ஒரு நாளு கையத் தூக்க முடியல. அதுக்கப்பறம் தெனம் இருமறவங்க வூடு ஒண்ணு விடாம ஏறி எறங்கினுகீறேன். இன்னும் நிக்கறேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும். போட்டுக்கங்கன்னுதான் சொல்வேன். ஆனா ஒண்ணும் ஆவாதுன்னு சொல்ல மாட்டேன்."

பெரியம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, வந்த வழியே வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாமா ஹெல்மெட்டுகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நர்ஸம்மா பெட்டியைத் திறக்கவில்லை. அத்தை மட்டும் படியை விட்டு இறங்காமல் அங்கேயே நின்றாள். கூட்டம் போகவும் இல்லை, நெருங்கவும் இல்லை. பெரிய ஆட்கள் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பெரியம்மா திரும்பி வந்தபோது அவள் கையில் அந்த அலுமினியக் குண்டான் இருந்தது. பெரியப்பா போன பிறகு ரேஷன் கடை வாசலில் யாரும் அதைப் பார்த்ததில்லை. பெரியம்மா கல் வைக்காமல், வெயிலில் தானே போய் நின்று வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அதைக் கொண்டுவந்து, முதல் ஹெல்மெட் இருந்த இடத்தில், வாசற்படிக்கு நேரே கவிழ்த்து வைத்தாள். அது ஆடியது. குனிந்து அடியில் ஒரு சில்லைக் கொடுத்து ஆடாமல் நிறுத்தினாள். பிறகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அத்தையைப் பார்த்தாள்.

"இன்னாடி பாத்துக்கினே நிக்கற? ஊசி போடறவங்களக் கூப்புடு."

அத்தை சட்டென்று திரும்பிப் பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நாயை அவிழ்த்துவிட்டபோதும் அழாதவள், ஒரு குண்டானைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து மாளவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் செய்ததைப் பார்த்து வெளியூர்க்காரரான நர்ஸம்மா திகைத்துப்போனார். வரிசையில் நிற்க வேண்டிய ஆட்கள் எல்லோரும் தங்கள் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். போய்விட்டார்கள் என்றே அவர் நினைத்துவிட்டார். போனவர்கள் ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஒற்றைச் செருப்பு வந்தது. அம்மியின் உடைந்த பாதி வந்தது. பெயின்ட் டப்பா வந்தது, மூடியில்லாத குக்கர் வந்தது. குண்டானுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் அதன் சொந்தக்காரர் நின்றார். "ஆளுங்கதான் நிக்கறீங்களே, அப்புறம் கல்லு எதுக்கு?" என்று நர்ஸம்மா கேட்டார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி அவரைப் பார்த்தார்கள்.

கட்டையைப் போட்டுவிட்டுப் போனவர் திரும்பி வந்து, அதே கட்டையைத் தன் கல்லாக வைத்து நின்றார். அவர் பின்னால் என் அப்பா. சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அப்பா எப்போது வீட்டுக்குப் போனார் என்று நான் கவனிக்கவில்லை. நீலச் சிலுவை போட்ட அந்த ஹாலோ பிளாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார், பக்கத்தில் அம்மா. வரிசையில் அதை இறக்கி வைத்துவிட்டு, சிலுவை முன்னால் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். தங்கையைப் பார்க்கவில்லை. சட்டைக் கையை மட்டும் தோள்வரை மடித்துவிட்டுக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எதற்கு என்று தெரியாமலே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் பஸ்ஸில் நிமிர்வது அதே நெஞ்சுதான்.

அன்று நர்ஸம்மா குப்பிக்கு மேல் குப்பியாகத் திறந்தார். மறுநாள் ஊர் முழுக்க ஜுரம். முன்பு என்றால் அதை வைத்தே ஊசிக்காரர்களை ஊரைவிட்டு விரட்டியிருப்பார்கள். இப்போது போர்த்திக்கொண்டு படுத்திருந்தவர்கள் ஜன்னல் வழியாக ஒருவருக்கொருவர், டீச்சர் சொன்ன மாதிரியே ஜுரம் வந்துவிட்டது என்று திருப்தியோடு பேசிக்கொண்டார்கள். ஜுரம் வராத ஓரிருவர் தங்களுக்கு ஊசி சரியாகப் போடவில்லையோ என்று அத்தையிடம் வந்து கேட்டார்கள். பெரியம்மாவுக்கு நல்ல ஜுரம். அத்தை கஞ்சியோடு போனாள். "உப்பே போடல, இதையெல்லாம் பால்வாடிப் புள்ளைங்க எப்டிடி குடிக்குது?" என்று பெரியம்மா திட்டுவது எங்கள் வீடுவரை கேட்டது. அன்று அத்தை இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டாள்.

இரண்டாவது ஊசிக்கு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு ஊருக்கு வாட்ஸப்பில் எது வந்தாலும், மேலிருந்து எந்த உத்தரவு வந்தாலும், டீச்சர் என்ன சொன்னாங்க என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று அவள் பல நேரம் சொல்வாள். அதற்கும் சரி என்பார்கள்.

இதெல்லாம் பிறகு. அன்று, முகாம் நடந்துகொண்டிருக்கும்போதே, சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கிற அத்தையைக் காட்டி நான் மாமாவிடம், "அத்த ஏன் மாமா அழுவுது? நீ வெச்ச ஹெல்மெட்டுக்காவா?" என்று கேட்டேன். மாமா ஹெல்மெட்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கொஞ்சம் சிவந்துதான் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவளுக்கு ஊசின்னா பயம். இத்தினி ஊசிய ஒண்ணா பாத்தா அழாம இன்னா பண்ணுவா?" என்றார்.

நான் அதை நம்பினேன். அவள் இமைக்காமல் ஊசி போட்டுக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவள் நான், அப்படியும் நம்பினேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகு வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: எங்கள் அத்தைக்கு ஊசி என்றால் அவ்வளவு பயம், ஆனாலும் ஊருக்கே போட வைத்தாள் என்று.